துளசியின் பெயர்

சிலிபின், ஈப்போ.

அன்பு மகன் தீபனுக்கு அம்மா சொல்லி எழுதுவது. இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, ஜொகூரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க மாரியம்மன் துணை இருப்பாள். போன் அடித்தால் நீ எடுப்பதில்லை, கடிதம் என்றால் பிரித்துத்தானே ஆகவேண்டும். எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும், நான் சொல்லச் சொல்ல உன் தங்கை தினேஸ்வரி எழுதுகிறாள். நாலாம் பாரத்தோடு பள்ளியை விட்டுவிட்டு வீட்டில் கிடப்பவளுக்குக் கையாவது வேலை செய்யட்டும். அவளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன், ஒரு வார்த்தை விடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன், குனிந்த தலை நிமிராமல் எழுதுகிறாள்.

தீபாவளிக்கு நீ வந்து பார்த்ததைவிட இப்போது மோசம். குளிப்பதில்லை, தலை சீவுவதில்லை, பேச்சுக் கொடுத்தால் சுவரைப் பார்க்கிறாள். இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை. காய்ச்சல் என்று கிளினிக்குக் கூட்டிப்போனால், அங்கே இருந்த நர்ஸ் மிஸ்ஸி சட்டைக் கையைத் தூக்கிக் கீறல்களைப் பார்த்துவிட்டு, இது மனசுல வர்ற நோவுமா, மருந்து இருக்கு, பேசிப் பாக்க ஆளு இருக்கு, பதினெட்டு ஆகல, வீட்டுப் பெரியவங்க யாராச்சும் கூட வரணும் என்றாள். நான் இவளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கிளினிக் கார்டில் ஒரு தடவை பேர் ஏறினால் பைத்தியம்தான், பிறகு எவன் கட்டுவான். இப்போதே கீழ்வீட்டுக் கருப்பம்மாள் இவளைக் கண்டால், என்னா குட்டி, தஞ்சோங் ரம்புத்தான் பஸ் எப்ப லா என்று அந்த ஊர்ப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியைச் சொல்லிச் சிரிக்கிறாள். நானும் கூடச் சிரித்துவிட்டு வந்தேன், வேறென்ன செய்வது.

அதனால்தான் தாப்பா பக்கம் நம் பழைய தோட்டத்தில் சாமி பார்க்கும் பூசாரி பத்துமலையிடம் கொண்டுபோனேன். ரப்பரை வெட்டி செம்பனை போட்டுவிட்டார்கள், முனியாண்டி கோயில் மட்டும் நிற்கிறது. அவர் இவள் முடியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, யாருடி நீ, பேரச் சொன்னாத்தான் விடுவேன் என்று ரோத்தான் பிரம்பால் விளாசினார். ரொம்ப நேரம் வாயே திறக்கவில்லை, அழுத்தக்காரி. கடைசியில் துளசி என்றாள். பக்கத்து வீட்டுக் கலாதேவியின் மகள் துளசி, இவளோடு படித்து, போன வருஷம் உயிரை மாய்த்துக்கொண்டாளே, அவள்தான். நோய் இல்லை, பேய் பிடித்திருக்கிறது என்று தெரிந்ததில் எனக்கு ஒரு நிம்மதி. சேதி கலாதேவி காதுக்கும் போய்விட்டது. வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து இவள் முன்னால் உட்கார்ந்துகொண்டு, துளசிம்மா, அம்மா மேல கோவமாடி, ஏண்டி சொல்லாம போன என்று கேட்கிறாள். போன வாரம் மகளுக்குப் பிடிக்கும் என்று நெத்திலிச் சம்பல் கொண்டுவந்து சோற்றில் பிசைந்து ஊட்டினாள். உன் தங்கை வாயைத் திறந்து வாங்கித் தின்றாள். நான் போடும் சோறு தொண்டையில் இறங்காது, அது மட்டும் இறங்குகிறது பார்.

வருகிற அமாவாசைக்கு மறுபடி கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். துளசி லேசில் போகமாட்டாளாம், இந்தத் தடவை அடி பலமாக இருக்குமாம், கூடப்பிறந்த ஆண்பிள்ளைதான் முடியைப் பிடிக்கவேண்டுமாம். உன் அப்பா இருந்திருந்தால் உன்னைக் கூப்பிட்டிருக்கமாட்டேன். லீவு போட்டுவிட்டு வா, வந்த இடத்தில் இரக்கம் பார்த்துக்கொண்டு நிற்காதே. மோட்டார் சைக்கிளில் வராதே, மழைக்கு ரோடு வழுக்கும், பஸ்ஸில் வா. மாரியம்மன் உனக்கு நீண்ட ஆயுளைக் கொடுப்பாள். அமாவாசை, மறந்துவிடாதே.

உன்னையே நம்பியிருக்கும் அம்மா,
குமுதா

அண்ணே, இதுவரைக்கும் அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டேன். இதற்குக் கீழே இருப்பது நான். எனக்குள் துளசி இல்லை. பேர் சொன்னால் அடி நிற்கும் என்றார், செத்தவர்களில் எனக்குத் தெரிந்த பேர் அது ஒன்றுதான். கலா அத்தை முகத்தைப் பார்த்துப் பொய் என்று சொல்ல முடியவில்லை, அதனால் தின்றேன். துளசியையும் அதே பத்துமலையிடம்தான் கொண்டுபோனார்கள். அவளுக்குச் சொல்ல ஒரு பேரும் கிடைக்கவில்லை. நீ அமாவாசைக்கு முன்னால் வா. மிஸ்ஸி கேட்ட பெரியவர் நீயாக இரு, என்னைக் கிளினிக்குக் கூட்டிப்போ. பேர் ஏறினால் ஏறட்டும், அங்கே என் பேரைத்தான் எழுதுவார்கள்.

தங்கை,
தினேஸ்வரி