மயில்துத்தம் போட மறந்த கோபுரம்

இன்று காலை அடுப்பில் மைதாப் பசை காய்ச்சினேன். பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தத்தை ஒன்றுக்கு இரண்டு முறை போட்டேன். பசை வாசம் வீடெல்லாம் பரவியதும் உன் நினைப்பு வந்து, தனியாக நின்று சிரித்தேன்.

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் தெருவுக்குத் தெரு கிறிஸ்துமஸ் குடில் வைப்போமே. எல்லாரும் வைக்கோல் போட்டு மாட்டுக்கொட்டகை கட்டுவார்கள். தொண்ணூறுகளில் ஒரு டிசம்பர், கட்டட வரைபட ஆபீஸில் வேலை பார்த்த என் சிநேகிதி நீ, ஒரு பழைய காலண்டரோடு வந்து நின்றாய். அதில் பிரான்சு நாட்டுக் கதீட்ரல் ஒன்றின் படம். "இந்த வாட்டி இதான்டி. பாலன் இதுக்குள்ள பொறக்கட்டும்" என்றாய். டிவி வந்த அட்டைப்பெட்டியில் கூர்நுனி ஜன்னல்களை வெட்டினாய். சுவரை வெளியிலிருந்து தாங்கும் வளைவுகளைத் துடைப்பக்குச்சியை வளைத்துச் செய்தாய். பசை காய்ச்சுவதும், தட்டில் ராகி விதைத்துப் புல் வளர்ப்பதும் என் வேலை. சர்ச் நடத்திய குடில் போட்டியில் முதல் பரிசு நமக்குத்தான்.

அடுத்த வருஷம் பரணிலிருந்து இறக்கினால், இடது கோபுரத்தைக் கரப்பான்கள் அரித்துச் சல்லடையாக்கியிருந்தன. அந்தக் கோபுரத்துக்குக் காய்ச்சிய பசையில் மட்டும் மயில்துத்தம் போட மறந்திருந்தேன். ஃபாதர் குடில் பார்க்க வர இரண்டே நாள். நீ விருட்டென்று எழுந்து போனாய். நான் அழுதது குடிலுக்காக இல்லை. இனி நீ என்னோடு பேசவே மாட்டாயோ என்றுதான் அழுதேன்.

மறுநாள் அதே காலண்டரோடு வந்தாய். "பின்னாடி எழுதியிருக்கறத இப்பதான் படிச்சேன்டி" என்று பக்கத்தில் உட்கார்ந்தாய். அந்தக் கதீட்ரல் தீயில் எரிந்து மறுபடி எழுந்ததாம். முந்நூறு வருஷம் கழித்து இடி விழுந்து ஒரு கோபுரத்தின் உச்சி போனதாம். அப்போது இருந்தவர்கள், அதைத் தங்கள் காலத்து வேலைப்பாட்டில் புதிதாகக் கட்டினார்களாம். "அவங்களே பழசப் பாத்துக் காப்பி அடிக்கல. நமக்கு மட்டும் என்ன? நீயே கட்டு."

கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி ஒட்டினேன். உன் வலது கோபுரம் எளிமையாக, நேராக நின்றது. என்னுடையது கல்யாண மண்டபம் மாதிரி ஜிகுஜிகு என்று மின்னியது.

"ஏம்மா, ரெண்டும் ரெண்டு மாதிரி இருக்கே?" என்றார் ஃபாதர்.

"நடுவுல முந்நூறு வருஷம் ஆயிடுச்சு ஃபாதர்" என்றாய், முகம் மாறாமல். அவர் சிரித்த சிரிப்பில் தெருவே சேர்ந்துகொண்டது. பரிசு வேறு தெருவுக்குப் போனது. கிறிஸ்துமஸுக்குச் செய்துவைத்த கல்கல் பலகாரம் முழுவதையும் நாமே தின்று தீர்த்தோம்.

நீ போனபின் வரும் முதல் கிறிஸ்துமஸ் இது. பரணில் மழை ஒழுகி உன் கோபுரம் ஊறிப்போய்விட்டது. போட்டோவைப் பார்த்து அப்படியே செய்ய முயன்றேன். உன் நேர்கோடு எனக்கு வருமா? இரண்டு அட்டை வீணானதும் போட்டோவை எடுத்து வைத்துவிட்டேன். இப்போது என் மகள் ஆபீஸிலிருந்து கொண்டுவந்த பழைய சிடிகள்தான் கோபுரத்தின் வட்ட ஜன்னல்கள். வெயில் பட்டால் வானவில் தெரிகிறது, பார்த்தால் நீ குதிப்பாய்.

உன் பென்சில் கோடு உள்ள ஒரு துண்டு அட்டை மட்டும் நனையாமல் கிடைத்தது. அதை அடித்தளத்தில் வைத்து ஒட்டினேன். அந்தக் கதீட்ரலுக்கு அடியிலும் பழைய கோவில் அப்படியே இருக்கிறது என்று நீதானே படித்துக் காட்டினாய்.

நாளை புது ஃபாதர் வருகிறார். அவரும் நிச்சயம் அதையே கேட்பார். பதில் என்னிடம் இருக்கிறது. முகம் மாறாமல் சொல்வதற்குத்தான் நீ வேண்டும்.