கல்பாலத்தின் அடியில் என் குரல்

ரேகன்ஸ்பர்க்
அக்டோபர் 9, திங்கள்

அன்பு மகள் அஃப்ராவுக்கு,

அப்பா எழுதுகிறேன். சமையலறை மூலையில் ஒழுகும் கூரையையும் உன் லியோனி அத்தையின் முழங்காலையும் விட்டுவிட்டால் இந்த வீட்டில் மற்றதெல்லாம் நலம். நீயும் மாப்பிள்ளை கேலமும் எங்களைவிட ஒரு படி கூடுதலாகவே நலமாயிருக்க வேண்டும். வெலிங்டனில் இப்போது வசந்தம் தொடங்கியிருக்கும். இங்கே காலையில் ஆற்றின் மேல் மூட்டம் கவிந்து, பத்து மணிக்குத்தான் எதிர்க்கரை கண்ணில் படுகிறது. நீ அனுப்பிய கம்பளிக் கழுத்துத்துணி வந்து சேர்ந்தது. என் கழுத்துத் துளையை மறைக்க அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது, ஆனால் நான் இன்னும் ஒரு நாள்கூடக் கட்டவில்லை, ஏனென்றால் உன் அம்மா அதை இதுவரை மூன்று முறை துவைத்துவிட்டாள். கம்பளி முடி உதிருமாம், மூச்சோடு உள்ளே போகுமாம். நாலாவது முறையும் துவைத்தால் அது பொம்மைக்குத்தான் ஆகும்.

சென்ற சனிக்கிழமை மாலை நடந்ததை உடனே உனக்குப் போனில் சொல்லிவிட வேண்டும் என்று அம்மா துடித்தாள். நான்தான் தடுத்தேன். இது என் கதை, நானே சொல்வேன் என்று எழுதிக் காட்டாமல் வாயாலேயே சொன்னேன். ஆகவே இது கொஞ்சம் நீளமான கடிதம், காபி போட்டுக்கொண்டு உட்கார். போன வருடம் மார்ச்சில் குரல்வளையை முழுசாக எடுத்தபோது நீ ஒன்பது நாள் என் கட்டில் பக்கத்தில் இருந்தாய். கழுத்தில் துளை போட்டதையும், அதன் வழியாக நான் மூச்சு விடுவதையும், பேசுவதற்காக உள்ளே சின்ன வால்வு ஒன்று வைத்ததையும் பார்த்தாய். நீ ஊர் திரும்பிய பிறகுதான் நான் விரலால் துளையை மூடி முதல் வார்த்தை சொன்னேன். அதைக் கேட்டு, அப்போது எங்கள் வீட்டுக்கு வந்திருந்த கீழ்வீட்டு நாய் மேஜைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. அப்படி ஒரு குரல். இருபத்தாறு வருடம் மாலைப் படகில் நின்று ஊரின் கதையைச் சொல்லிச் சம்பாதித்தவனுக்கு மிஞ்சியது அதுதான். பேச்சுப் பயிற்சி தரும் ஹ்யூட்னர் அம்மாள் வாரம் இரண்டு நாள் சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தாள், "அவசரப்படாதீங்க ஐயா. மூச்சு வரட்டும். வார்த்தை எங்கேயும் ஓடிப்போகாது, நீங்க நின்னு வாங்கிக்குங்க" என்று. நானும் ஒரு வருடத்துக்கு மேல் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, டான்யூப் ஆற்றின் இரு கரையிலும் உள்ள ஒவ்வொரு கட்டடத்தையும் சோப்புப் பெட்டியிடம் விளக்கிக்கொண்டிருந்தேன்.

மே மாதம் படகு முதலாளியம்மா ஐஷிங்கர் என்னைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டாள். பேசுவதற்கு இல்லை, துறையில் நின்று டிக்கெட் கிழிப்பதற்கு. குற்றம் சொல்ல மாட்டேன், அவளுடைய அப்பா காலத்து ஆளை மறக்காமல் கூப்பிட்டாளே. ஆனால் படகில் எனக்குப் பதிலாக எல்லார் காதிலும் ஒரு ஹெட்போன். அதில் ஹாம்பர்க் நடிகன் ஒருவன் பேசுகிறான். நம் ஊர்ப் பெயர்களை இஸ்திரி போட்ட சட்டை மாதிரி ஒரு சுருக்கமில்லாமல் சொல்வான். ஒரு நாள் படகு திரும்பி வந்தபோது இறங்கிய ஒரு பெண் கணவனிடம், "நல்லாத்தான் இருந்துச்சு, பாலத்துக்கு முன்னாடியே தூங்கிட்டேன்" என்றாள். அஃப்ரா, கல்பாலத்தின் வளைவுக்குள் ஆறு அப்படிச் சுழன்று நுரைக்கும்போது ஒருத்தி தூங்கினாள் என்றால் அது யார் தப்பு? மறுநாளே ஐஷிங்கரிடம் போய் நின்றேன். அவள், "வேணாம் எம்மெராம். ஜனங்க சந்தோஷமா இருக்கக் காசு கொடுத்து வர்றாங்க" என்றாள். ஆகஸ்டில் மறுபடி கேட்டேன். "நீங்க ஆத்துல தவறி விழுந்தா நான் உங்க வீட்டம்மாவுக்கு என்ன பதில் சொல்றது?" என்றாள். அதிலும் நியாயம் இருக்கிறது, கழுத்தில் திறந்த வாசலோடு தண்ணீரில் விழுந்தால் நேராக நுரையீரல்தான். மூன்றாவது முறை செப்டம்பர் கடைசியில் கேட்டபோது நானே ஒரு பந்தயம் வைத்தேன். ஒரே ஒரு மாலை. ஹெட்போன் எல்லாவற்றையும் ஒரு கூடையில் போட்டுக் குளிர்பானக் கவுன்டரில் வையுங்கள், என் பேச்சு பிடிக்காதவர்கள் எடுத்து மாட்டிக்கொள்ளட்டும், படகு கரை சேரும்போது கூடையில் பாதிக்கு மேல் காலியாக இருந்தால் இனி சாகும்வரை டிக்கெட்டோடு சரி என்றேன். ஐஷிங்கர் எவ்வளவு பெரிய கூடை வேண்டும் என்று கையாலேயே அளந்து பார்த்தாள். பிறகு, "நானும் படகுல இருப்பேன். நானே எண்ணுவேன்" என்றாள்.

வீட்டில் வந்து சொன்னதும் உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டாள். அவள் அடுப்பை அணைத்தால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். "இருபத்தாறு வருஷம் அந்த ஆத்தோட குடித்தனம் பண்ணினது போதும். எனக்கு நீ வேணும், உன் பேச்சு வேணாம்" என்றாள். இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பேசாமல் இருப்பது எனக்கு நல்ல பழக்கம், அவளுக்குத்தான் திணறல். மூன்றாம் நாள் காலை என் பழைய நீலக் கோட்டு பித்தளைப் பொத்தான்கள் மினுங்க நாற்காலியில் தொங்கியது. "நானும் வர்றேன். உன்னைப் பிடிச்ச கையை விடமாட்டேன், சொல்லிட்டேன்" என்றாள். சொன்னபடியே செய்தாள். படகு கிளம்பியதிலிருந்து கரை சேரும்வரை ரோஸ்விதா என் பின்னால் நின்று என் இடுப்பு பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பயணிகளில் பாதிப் பேர் அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்தார்கள்.

மாலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். தொண்ணூற்றிரண்டு பேர். அதில் நாற்பது பேர் நியூரம்பெர்க்கிலிருந்து வந்த உருட்டுப்பந்து விளையாட்டுக் குழு, துறையிலேயே இரண்டு சுற்று பீர் முடித்தவர்கள். படகோட்டி வென்ஸல் சக்கரத்தைப் பிடித்தபடி, "டேய், உன் குரலைக் கேட்டு மீனெல்லாம் பாஸாவ் பக்கம் ஓடிடும், அந்த ஊர்க்காரன் உனக்குச் சிலை வைப்பான்" என்றான். மைக்கைப் பிடித்து, கழுத்தில் விரலை வைத்து, வரவேற்பு சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒருவர், "மைக் ரிப்பேரா?" என்று கேட்டார். ஆற்றுக்காற்றில் குளிர் இருந்தது, தொண்டையில் கபம் கட்டியது. உப்புக் கிடங்கைப் பற்றிச் சொல்லத் தொடங்கி இருமலில் நின்றேன். பேராலயத்தின் இரட்டைக் கோபுரத்தைச் சொல்லும்போது ஒரு கோபுரத்தோடு மூச்சு தீர்ந்தது. ஜனங்கள் எழுந்து எழுந்து கூடைக்குப் போனார்கள். பார்க்கக் கூடாது என்று நினைத்தாலும் கண் அங்கேயே போயிற்று. கீழ்த்துறைமுகத்தில் படகு திரும்புவதற்குள் முப்பத்தொன்று போய்விட்டது. கடைசி பெஞ்சில் ஐஷிங்கர் காபிக் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்கும் என்னைப் பார்க்கத் தைரியமில்லை. அப்போதுதான் நியூரம்பெர்க் குழுவின் தலைவி, சிவப்புத் தொப்பி வைத்த பெரிய உடம்புக்காரி, எல்லாருக்கும் கேட்கும்படி, "ஐயா, என்ன தகர டப்பா எதையாவது முழுங்கிட்டீங்களா?" என்றாள். அவள் கூட்டம் முழுக்க மேஜையைத் தட்டிச் சிரித்தது. பின்னால் பெல்ட் ஒரு தரம் இழுபட்டது. போதும் வா, வீட்டுக்குப் போகலாம் என்று உன் அம்மா சொல்வது அந்த இழுப்பிலேயே தெரிந்தது. உன்னிடம் ஒளிக்க என்ன இருக்கிறது, அந்த நேரத்தில் மைக்கைக் கீழே வைக்கத்தான் கை போயிற்று.

ஆனால் வைக்கவில்லை. நின்றேன். மூச்சு வரட்டும் என்று காத்திருந்தேன். வந்தது. "முழுங்கலம்மா. டாக்டர் பழசைக் கழட்டிக்கிட்டு இதைக் கொடுத்தாரு. இந்த ஆத்துல இருபத்தாறு வருஷம் பேசிப் பேசிப் பழசு தேஞ்சுபோச்சு. புதுசுக்கு வாரண்டி ஆறே மாசம்தான், அதனால நேரத்தை வீணாக்காம கேட்டுக்குங்க" என்றேன். யாருக்கும் சிரிப்பதா கூடாதா என்று தெரியவில்லை. முதலில் சிரித்தது அந்தச் சிவப்புத் தொப்பிதான். முகமும் தொப்பி நிறத்துக்கு மாறியிருந்தது. "மன்னிச்சுக்குங்க ஐயா, எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதுக்கும் உங்க டாக்டர் ஏதாவது பண்ணுவாரா?" என்று சொல்லிவிட்டுத் தன் காதிலிருந்ததைக் கழற்றி, பக்கத்திலிருந்த நாலு பேர் காதிலிருந்ததையும் அவளே பிடுங்கி மேஜையில் போட்டாள்.

படகு மேற்கே திரும்பி நீரோட்டத்தை எதிர்த்து ஏறத் தொடங்கியது. சூரியன் கல்பாலத்துக்குப் பின்னால் இறங்கிவிட்டது, வளைவுகள் மட்டும் கறுப்பாகத் தெரிந்தன. அங்கே எப்போதும் சொல்வது பாலம் கட்டியவனும் சாத்தானும் செய்த ஒப்பந்தத்தைத்தான். பாலத்தை முடிக்க நான் உதவுகிறேன், முதலில் கடக்கும் மூன்று உயிரை எனக்குக் கொடு என்று, மூன்று மனிதர் கிடைப்பார்கள் என்று நம்பிச் சாத்தான் கேட்ட கதை. நீ சின்ன வயதில் அந்தப் படகில் எத்தனை தரம் கேட்டிருப்பாய். என் பழைய குரல் மெல்லியது, அதில் சாத்தான் பேசினால் தபால்காரன் கையெழுத்துக் கேட்பது போல இருக்கும், ஒருவரும் பீரைக் கீழே வைத்ததில்லை. சனிக்கிழமை படகு வளைவுக்குள் நுழைந்தது, இரண்டு பக்கமும் நீர் சுழன்று நுரைத்தது, வென்ஸல் எஞ்சினை முழுசாகத் திறந்தும் படகு ஓர் அடி முன்னே போகாமல் அங்கேயே நடுங்கிக்கொண்டு நின்றது. நான் விரலை வைத்து, "பாலம் முடிஞ்சுபோச்சு. எங்கடா என் மூணு உயிர்?" என்றேன். அஃப்ரா, அந்தக் குரல் கல்லில் மோதித் திரும்பி வந்தபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. பாலம் கட்டிய நாளிலிருந்து அதற்கடியில் ஒருத்தன் உட்கார்ந்திருந்து இப்போதுதான் வாய் திறந்தது மாதிரி இருந்தது. ஒரு கோப்பை சத்தம் இல்லை. சிவப்புத் தொப்பி பக்கத்துக்காரன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஹெட்போன் போட்டிருந்தவர்கள் என்ன நடக்கிறது என்று ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். சரியாக அந்த இடத்தில், முதலில் பாலத்தைக் கடந்தது யார் என்று சொல்ல வேண்டிய இடத்தில், என் மூச்சு நின்றது. ஒரு எழுத்து வரவில்லை. நான் நின்றேன். தொண்ணூற்றிரண்டு பேரும் நின்றார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஒருவர் இருமவில்லை, ஒருவர் கூடைப் பக்கம் திரும்பவில்லை. சிவப்புத் தொப்பி மட்டும் மெதுவாக, "மெதுவாச் சொல்லுங்க ஐயா, எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றாள். பிறகு வார்த்தை வந்தது. "ஒரு சேவல். ஒரு கோழி. ஒரு நாய்." படகே ஆடும்படி கைதட்டினார்கள், மேலே பாலத்தில் போய்க்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள், அவர்களும் எதற்கென்று தெரியாமலே தட்டினார்கள். வென்ஸல் அப்புறம்தான் என்னிடம் ஒப்புக்கொண்டான், "எஞ்சின்ல தெம்பு இருந்துச்சுடா. நீ முடிக்கட்டும்னு நான்தான் பிடிச்சு வச்சேன்" என்று.

பாலத்தடியில் கழற்றியவர்கள் எல்லாம் அதைக் கூடையில் திருப்பிப் போட்டிருந்தார்கள், கரை சேர்ந்ததும் ஐஷிங்கர் எண்ணினாள். ஒன்றே ஒன்று குறைந்தது. தேடினால், ஒரு பெரியவர் அதைக் காதில் மாட்டியபடி பெஞ்சில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஹாம்பர்க் நடிகனுக்கு அந்த ஒரு ரசிகராவது மிஞ்சினார். ஐஷிங்கர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த மாசம் இன்னும் மூணு சனிக்கிழமை பாக்கி இருக்கு. ஏப்ரல்ல இருந்து சனி, ஞாயிறு மாலை முழுக்க உங்களுது. ஆனா லைஃப் ஜாக்கெட் போடாம நீங்க படகுல கால் வைக்கக் கூடாது" என்றாள். உன் அம்மா உடனே, "பெல்ட்டைப் பிடிக்கிறது நான்தான். அதுக்குத் தனிச் சம்பளம்" என்றாள். ஐஷிங்கர் அழுதுகொண்டே சிரித்தாள். ஆற்றங்கரைச் சாசேஜ் கடையில் ஆளுக்கு ஆறு வாங்கி நின்றுகொண்டே சாப்பிட்டோம். அம்மா வாயைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு இந்தக் குரல்தான் பிடிச்சிருக்கு. பழசு ரொம்பப் பேசுச்சு" என்றாள். முப்பத்தெட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் என்னைப் பாராட்டியது இதோடு மூன்றாவது முறை.

மற்றபடி, கூரைக்காரன் வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறான், வந்தால் பார்ப்போம். லியோனி அத்தைக்கு நவம்பரில் முழங்கால் ஆபரேஷன், நீ இரண்டு வரி எழுதிப் போடு, அவள் அதை எல்லாரிடமும் படித்துக் காட்டுவாள். பிளம் ஜாம் அனுப்பினால் உங்கள் சுங்கத்தில் பிடித்துக்கொள்கிறார்களாமே, விசாரித்து எழுது. மழையில் அந்த மலைச் சாலையில் கேலம் வேகமாக ஓட்டுகிறான் என்று நீ எழுதியிருந்தாய், மாமனார் வருத்தப்பட்டார் என்று அவனிடம் சொல். நீயும் வேலை வேலை என்று மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

இன்னொன்று. நீ போன் செய்யும்போதெல்லாம் அப்பா குளிக்கிறார், கடைக்குப் போயிருக்கிறார், தூங்குகிறார் என்று அம்மா சொன்னதெல்லாம் பொய், நான் சொல்லச் சொன்னது. நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். நீ பேசுவதை முழுக்கக் கேட்டேன். என் குரலைக் கேட்டால் நீ உன் பழைய அப்பாவைத் தேடுவாய் என்று பயம். அந்தப் பயம் சனிக்கிழமையோடு போய்விட்டது. ஞாயிறு உன் மாலை ஏழு மணிக்குப் போன் செய், இங்கே காலை எட்டு. எடுக்கப் போவது நான். முதலில் சத்தம் ஒன்றும் வராது. வைத்துவிடாதே.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வருடம் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிற

உன் அப்பா
எம்மெராம்

அம்மாவும் முத்தம் அனுப்புகிறாள். லைஃப் ஜாக்கெட் எனக்குக் கச்சிதமாகத்தான் இருக்கிறது, குண்டாகத் தெரிகிறேன் என்று அவள் எழுதினால் நம்பாதே.