உங்களைக் காணோமே என்று வந்த செய்தி

ஜூன் 2, ஞாயிறு

இன்றைக்கும் பழைய சபையைத் தாண்டித்தான் புதுச் சபைக்கு நடந்தேன். உள்ளே சுருதிப்பெட்டி, அவளுக்கு நான் வைத்த பேர் அது, பாட்டைத் தொடங்கிவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்காரரை அடக்கம் பண்ணின அன்றைக்கு அவருக்குப் பிடித்த பாட்டைத் தொண்டை கிழியப் பாடினேன். பாடகர் குழுவை நடத்துகிற இந்த மகராசி எல்லார் முன்னாலும் கையைத் தாழ்த்திக் காட்டினாள், சத்தத்தைக் குறை என்று. நான் என்ன ரேடியோவா? அதோடு அந்த வாசலை மிதிக்கவில்லை. தேடி வந்தவர் ஒருத்தரும் இல்லை.

புதுச் சபையில், "முதல் முறையா வந்தவங்க எழுந்து நில்லுங்க" என்றார்கள். வரவேற்கிற பெண் என்னைத் தூக்கி நிறுத்தினாள். போன வாரமும் இவள்தான் நிறுத்தினாள், இதே பச்சைக் கம்மல். எனக்கு ஞாபகம் இருக்கிறது, அவளுக்கு இல்லை. கைதட்டல். சபை பேர் போட்ட கோப்பை இன்னொன்று.

ஜூன் 3

போனில் செய்தி: "முதல் முறை வந்ததற்கு நன்றி! உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்." கேட்டால் சொல்லமாட்டேனா? வாயால் பேசியே அனுப்பலாம் என்று மகள் காட்டிக்கொடுத்தாள். அடக்க ஆராதனையில் ஆரம்பித்து, மகள் கல்யாணத்தில் சுருதிப்பெட்டி முன்வரிசையில் கொட்டாவி விட்டது வரை சொன்னேன். உடனே பதில்: "ஆமென்! மகிழ்ச்சி!"

எதுக்குடி மகிழ்ச்சி?

ஜூன் 9, ஞாயிறு

மறுபடி எழுப்பினாள். மறுபடி கோப்பை. மகள் கேட்கிறாள், "அம்மா, டீக்கடை வைக்கப் போறியா?"

ஜூன் 16, ஞாயிறு

எழுந்திருக்கவே இல்லை. முதல் வரிசையில் நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். போகும்போது பாஸ்டர் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினார். சாயங்காலம் போன் சொல்கிறது: "இன்று உங்களைக் காணோமே! நலமா?"

அப்போ அவர் யார் தலையில் கை வைத்தார்?

ஜூன் 17

போனைத் தூக்கிக்கொண்டு பாஸ்டரிடம் போனேன்.

"எழுந்து நின்னு பேர் குடுக்கலேன்னா அது தானா போற மெசேஜ்மா."

"அப்போ என்னைக் காணோம்னு தேடினது யாரு?"

"மெஷின்."

"நான் செத்துப்போனா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்பவும் நலமான்னு கேக்கும்மா."

பாவம், தப்பிக்க வழி தெரியாமல், "அடுத்த வாரம் நீங்களே வாசல்ல நின்னு வரவேற்குறீங்களா?" என்றார்.

ஜூன் 23, ஞாயிறு

கோப்பையும் கையுமாக வாசலில் நின்றேன். வந்தது யார்? சுருதிப்பெட்டி! வியர்த்து வழிய. வேறு வழியில்லை, கோப்பையை நீட்டினேன். "முதல் முறையா வரீங்களா?"

"என்னக்கா, ஆள் தெரியாத மாதிரி! பாட்டை வேற ஆள்கிட்ட விட்டுட்டு, உன்னைக் காணோமேன்னு சபை சபையா ஏறி இறங்குறேன். போற இடமெல்லாம் எழுப்பி விட்டுக் கை தட்டுறாங்க." பையைத் திறந்து காட்டினாள். விதவிதமாகக் கோப்பை.

"வீடு தெரியாதாக்கும்?"

"வீட்டுல மூஞ்சில கதவைச் சாத்துவே. சபைன்னா விரட்ட முடியாதே!"

"அன்னைக்கு ஏன் கையைக் காட்டினே?"

"ஆர்கன் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம் போனே. வேற என்ன பண்ண?" மூச்சு வாங்கினாள். "இப்ப சத்தமாப் பாட ஆளே இல்லக்கா. பாதிப் பேர் தூங்குறாங்க."

மன்னிப்பு கேட்கவில்லை. குறித்துக்கொண்டேன்.

ஜூன் 30, ஞாயிறு

பழைய சபை. என் இடத்தில் யாரோ குடையை வைத்திருந்தார்கள். எடுத்துக் கீழே போட்டு உட்கார்ந்தேன். முதல் பாட்டிலேயே சுருதிப்பெட்டியின் கை தாழ்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு இன்னும் ஏற்றினேன்.

சாயங்காலம் போன்: "இன்று உங்களைக் காணோமே! நலமா?"

இந்த வாரம்தான் சரியாகச் சொல்லியிருக்கிறது. நலம் என்று பேசி அனுப்பினேன்.

"ஆமென்! மகிழ்ச்சி!"

சரி, இருக்கட்டும்.