சாமித்தட்டில் இருக்கும் படம்

கிளாஸ்கோ,
ஞாயிறு.

அன்புள்ள கம்சலா அக்காவுக்கு, நம் மடுல்சீமை மலையே தோற்றுப்போகும் குளிரில், வாயெல்லாம் பல்லாக உன் தங்கை சுதர்ஷினி எழுதுவது.

தெரிந்துவிட்டது அக்கா! உயிரோடு இருக்கும் புற்றுநோய்ச் செல்லுக்குள்ளேயே தெரிந்துவிட்டது! நம் உடம்பின் டி.என்.ஏ. கயிறு மாதிரி இரண்டு இழையாக முறுக்கியிருக்கும். சில இடங்களில் மட்டும் நான்கு இழையாக முடிச்சுப் போட்டுக்கொள்ளும். புற்றுநோய்ச் செல்லில் அந்த முடிச்சுகள் அதிகம். முடிச்சைத் தொட்டால் ஒளிர்கிற சாயம் ஒன்றை வைத்துத்தான் எங்கள் வேலை. இதுவரை செல்லைக் கொன்றுதான் பார்த்தோம். உயிருள்ள செல்லில் சாயத்தை அள்ளி ஊற்றினால், சாயமே முடிச்சுகளைக் குழப்பிவிடும். இந்த முறை துளியிலும் துளியாகக் குறைத்தேன். இவ்வளவு குறைத்தால் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது என்றார் என் பேராசிரியர். இருட்டில் ஒரு புள்ளி மின்னி அணைந்தது. பக்கத்தில் இன்னொன்று! முடிச்சு விழுவதையும் அவிழ்வதையும் கண்ணால் பார்த்தேன் அக்கா. நான் போட்ட கூச்சலில், தீப்பிடித்துவிட்டது என்று பக்கத்து அறை றஷீனா ஓடி வந்தாள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் உனக்குப் போன் எடுத்தேன். அத்தான் பேசினார். உன் மார்புக் கட்டியை எடுக்கப் பதுளை ஆஸ்பத்திரியில் கொடுத்த நாளுக்கு நீ போகவில்லையாம். போன மாதம் நான் அனுப்பிய, கொன்ற செல்லில் சாயம் பச்சைப் புள்ளிகளாக ஒளிரும் படத்தைப் பிரேம் போட்டு, சாமித்தட்டில் மாரியம்மனுக்குப் பக்கத்தில் வைத்து, தினமும் கற்பூரம் காட்டித் திருநீற்றைக் கட்டிமேல் பூசுகிறாயாம். "தங்கச்சி மருந்து கண்டுபுடிச்சிருச்சு, அது கொண்டு வரட்டும்" என்றாயாம். தோட்டத்து லயம் வீடுகள் முழுக்க அதே பேச்சாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, உன்மேல் கெட்ட கோபமும் வந்தது. போனில் சொன்னால் அழுதுகொண்டே வைத்துவிடுவாய். அதனால் எழுதி, அத்தான் போனுக்குப் படமாக அனுப்புகிறேன்.

அக்கா, அது மருந்தில்லை. அந்தப் பச்சைப் புள்ளிகள் எல்லாம் நோய்ச் செல்லின் முடிச்சுகள். நீ நோய்க்குத்தான் கற்பூரம் காட்டிக்கொண்டிருக்கிறாய். என் சாயம் இடத்தைக் காட்டும், அவ்வளவுதான். அதை வைத்து மருந்து வர எத்தனையோ வருடம் ஆகும், வராமலும் போகலாம். உன் கட்டி இருக்கும் இடம் பதுளை டாக்டருக்கு என் சாயம் இல்லாமலே தெரியும்.

அத்தான் வியாழக்கிழமைக்குப் புது நாள் வாங்கிவிட்டார். முதல் பஸ்ஸிலேயே போய்விடு. படத்தை யாரும் தொட வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். நீ குணமாகி வீட்டுக்கு வந்து, உன் கையாலேயே அதை இறக்கு.

இந்த உலகத்தில் எனக்கு அம்மாவும் நீதான். போய்விடு அக்கா.

உன்
சுதா