ஒரு வகுப்புக்கு ஒரு பொய்

செப்டம்பர் 8, திங்கள்

"நெட்ல இருக்கறதுல எது உண்மை, எது பொய்யின்னு உங்களுக்கு மட்டும் எப்படி மிஸ் தெரியுது?"

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி இன்று கேட்டாள். வகுப்பில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். எதையும் ஒரு கேள்வியோடு விடமாட்டாள். கணினிப் பாடப்புத்தகத்தில் இதற்கு அரைப்பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். 'நம்பகமான தளங்களை மட்டுமே பயன்படுத்துக.' எது நம்பகமானது என்பது மட்டும் அந்த அரைப்பக்கத்தில் இல்லை.

எனக்கும் தெரியவில்லை. இத்தனை வருடப் படிப்பும் பழக்கமும் சேர்ந்து, அடுப்பில் ஏதோ தீய்கிற வாசனை மாதிரி ஒரு சந்தேகத்தைக் கொடுக்கின்றன. அதை எப்படிச் சொல்லித் தருவது? மூக்கைக் கழற்றியா கொடுக்க முடியும்?

அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்றேன். தெரியாததைத் தள்ளிப்போடுவதில் எனக்கு நல்ல தேர்ச்சி.

செப்டம்பர் 10, புதன்

இவர்கள் கணினியோடு பிறந்த தலைமுறை என்று கூட்டங்களில் பேசுகிறார்கள். போனில் விரல் பறக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு கோப்பைச் சேமித்த கையோடு அது எங்கே போனது என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள், பஸ்ஸில் குடையை விட்டுவிட்டு வந்தவர்களைப் போல.

இன்று ஒன்று செய்து பார்த்தேன். இனி ஒவ்வொரு வகுப்பிலும் நான் ஒரு பொய் சொல்வேன், ஒன்றே ஒன்று, மணி அடிப்பதற்குள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றேன். 'மிஸ் புளுகறாங்க' என்றால் போதாது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு இடங்களில் பார்த்து ஆதாரம் காட்ட வேண்டும். பிடிபட்டால் எல்லார் முன்னாலும் நான் ஒப்புக்கொள்வேன்.

உலகின் முதல் கணினி மவுஸின் கூடு மரத்தால் ஆனது என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, அழித்த கோப்பு அந்த நொடியே வட்டிலிருந்து காணாமல் போய்விடும் என்றேன். வகுப்பு முழுக்க மரத்தின் மேல் பாய்ந்தது. மரம்தான் என்று தெரிந்ததும் வக்கீலின் முகம் தொங்கிவிட்டது. மணி அடிக்கப் போகும் நேரத்தில் அவள் பக்கத்தில் உட்காரும் பெண் கையைத் தூக்கினாள். இவள் பேசவே மாட்டாள். ஜூனியர் என்று பட்டம்.

"அழிச்சது உடனே அழியல மிஸ். இந்த எடம் இனிமே காலின்னு குறிச்சு மட்டும் வச்சுக்குது."

மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. என் வகுப்பில் இப்படி நடப்பது முதல்முறை என்று எழுதினால் மிகை. இரண்டாவது முறை. முதல்முறை வெளியே மழை.

செப்டம்பர் 15, திங்கள்

பிரௌசரில் இன்காக்னிட்டோ என்கிற ரகசிய ஜன்னலைத் திறந்து எதைப் பார்த்தாலும் யாருக்குமே தெரியாது என்பது இன்றைய பொய். பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. காரணத்தை நான் விசாரிக்கவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். ஒரு தகப்பனார் புகாரோடு வந்திருக்கிறார். ஏதோ ஒரு இலைச்சாறு குடித்தால் சர்க்கரை நோய் மூன்றே நாளில் ஓடிவிடும் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கும் குழுவில் அவர் ஒரு செய்தியைப் போட்டாராம். அதே குழுவில் அவர் மகள், 'இன்னொரு இடத்துல பாத்தீங்களாப்பா?' என்று கேட்டுவிட்டாள். மச்சினன் முன்னால் மானம் போய்விட்டதாம்.

"பிள்ளைங்களுக்கு நீங்க பொய் சொல்லித் தர்றீங்கன்னு வந்து நிக்கிறாரும்மா. நான் என்ன பதில் சொல்லட்டும்?"

பொய்யைக் கண்டுபிடிக்கத்தான் சொல்லித் தருகிறேன் என்றேன். அது தனக்குப் புரிகிறது, அவருக்குப் புரிய வேண்டுமே என்றார். கடைசியில் இப்படி முடிந்தது: அடுத்த செவ்வாய் அறிவியல் ஆசிரியை என் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்ப்பார். அவர் சரி என்றால் தொடரலாம். இல்லையென்றால் புத்தகத்தைத் திறந்து வாசிக்க வேண்டியதுதான்.

அறிவியல் ஆசிரியை ஆசிரியர் அறையில் எனக்கு எதிர் மேசை. நல்ல மனுஷி. எல்லாருடைய வீட்டுச் சங்கதியும் தெரிந்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

ஒரு வார்த்தை பேசாமலே மத்தியானம் வந்துவிட்டது. துணி துவைத்தேன். ஜன்னல் கம்பிகளைத் துடைத்தேன். தங்கை கூப்பிட்டபோது, "என்னக்கா, தொண்டை கட்டியிருக்கா?" என்றாள். இன்றைக்கு இப்போதுதான் வாயைத் திறக்கிறேன் என்று சொல்லவில்லை. ஜலதோஷம் என்றேன்.

செவ்வாய்க்கிழமை விஷயத்தைச் சொன்னேன். "அந்தம்மாவா? உன் வீட்டுக்காரரப் பத்திக் கேட்டுக்கிட்டே இருப்பாங்களே, அவங்கதானே? சொல்லித் தொலையேன்க்கா. யாரு உன்னத் தூக்குல போடப் போறாங்க?"

இந்தப் பள்ளியில் சேர்ந்த அன்று அறிவியல் ஆசிரியை, "சார் என்ன பண்றாங்க?" என்று கேட்டார். வெளிநாட்டில் இருக்கிறார் என்றேன். அது பொய் இல்லை. அவர் வெளிநாட்டில்தான் இருந்தார். நாங்கள் பிரிந்து கையெழுத்தும் போட்டாயிற்று என்ற மிச்சத்தை நான் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதில் பெரிய கதை ஒன்றும் கிடையாது. யாரும் யாரையும் அடிக்கவில்லை, ஏமாற்றவில்லை. அவர் வேலைக்குப் போனார். ஒரு வருடம் கழித்து நானும் போவதாக இருந்தது. போகவில்லை. ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவும் இல்லை.

ஆனால் பாதியில் விட்ட பேச்சு சும்மா இருப்பதில்லை. லீவுக்கு வரவில்லையா? இந்த வருடம் முடியவில்லையாம். அங்கே குளிர் அதிகமா? கடலோரம், அதனால் அவ்வளவாக இல்லை. இப்போது அவருக்குக் கடலைப் பார்த்த மாதிரி ஒரு வீடு இருக்கிறது. நான் கட்டிக்கொடுத்தது.

செப்டம்பர் 23, செவ்வாய்

ஒரு படம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பதுதான் இன்றைய பாடம். பால்கனி, இரண்டு பிரம்பு நாற்காலி, பின்னால் கடல் – அப்படி ஒரு படத்தைத் திரையில் போட்டேன். ஒரு ஹோட்டல் விளம்பரத்திலிருந்து எடுத்தது. போன மாதம் எடுத்த படம் என்பதுதான் நான் தயாரித்து வைத்திருந்த பொய். படத்தையே போட்டுத் தேடினால் அது பல வருடமாக இணையத்தில் சுற்றுவது தெரிந்துவிடும்.

"யாரு மிஸ் எடுத்தது?" என்று யாரோ கேட்டார்கள். இந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை. அதற்குள் பின்வரிசையிலிருந்து அறிவியல் ஆசிரியை, பிரியமாகத்தான், "மேடம் வீட்டுக்காரர் இருக்கற எடமா இருக்கும். கடலோரம்னு சொல்லுவாங்களே" என்றார்.

வகுப்பு மொத்தமும் என்னைப் பார்த்தது. ஆமாம், அவர்தான் போன மாதம் அனுப்பினார் என்றேன்.

ஆயிரம் படம் கிடக்க, கடல் தெரியும் பால்கனியை நான் ஏன் எடுத்தேன்?

பாதி பீரியடுக்குள் பிடித்துவிட்டார்கள். பழைய படம் மிஸ், போன மாதம் எடுத்தது இல்லை மிஸ். ஒப்புக்கொண்டேன். கைதட்டினார்கள். இவ்வளவு ஆர்வமாகப் பிள்ளைகள் தன் வகுப்பில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை என்று அறிவியல் ஆசிரியை சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாரும் போன பிறகு வக்கீலும் ஜூனியரும் மட்டும் நின்றார்கள். வக்கீல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"மிஸ், கோச்சுக்கக் கூடாது. அது ஹோட்டல் விளம்பரப் படம் மிஸ். நாலஞ்சு எடத்துல பாத்துட்டோம். சார் எடுத்தது இல்ல."

திரையில் இருந்த படத்தை மூடினேன்.

"கிளாஸ்ல வேணும்னுதான் சொல்லல. இவதான் வேணாம்னா." ஜூனியரைக் காட்டினாள். "சார் அங்க இல்லாமகூட இருக்கலாம் மிஸ். உங்கள ஏமாத்தறாரு."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஜூனியர் என் கையைத் தொட்டுவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 24, புதன்

வகுப்பைத் தொடரலாம் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். நான் ஜெயித்துவிட்டேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

வக்கீல் என்னிடம் வாதாடுவதை நிறுத்திவிட்டாள். நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறாள். துக்க வீட்டில் இருப்பவர்களிடம் அப்படித்தான் நடந்துகொள்வார்கள்.

சாப்பாட்டு இடைவேளையில் இருவரும் கணினி ஆய்வகத்துக்கு வந்தார்கள். சாரின் பெயரை மட்டும் சொன்னால் போதும், தேடிப் பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். வேண்டாம் என்றேன். பணம் எதுவும் கேட்டாரா என்று வக்கீல் விசாரித்தாள். இல்லை என்றேன். "ஆரம்பத்துல கேக்க மாட்டாங்க மிஸ். இவங்கள்லாம் அப்படித்தான்."

எந்தப் பாவமும் செய்யாத ஒரு மனிதர், எங்கோ தன் பாட்டுக்கு வேலைக்குப் போய்வந்துகொண்டிருப்பவர், என் வாயால் மோசடிக்காரர் ஆகிவிட்டார். படத்தைச் சந்தேகப்பட்டார்கள். அனுப்பியவரைச் சந்தேகப்பட்டார்கள். நான் சொல்லிக்கொடுத்ததை ஒன்று விடாமல் செய்தார்கள். என்னைத்தான் சந்தேகப்படத் தோன்றவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தாள், பிறகு பயந்துவிட்டாள். "பசங்ககிட்டயா சொல்லப் போற? அவங்க வீட்டுல போய்ச் சொல்லுவாங்கக்கா. அந்தப் புகார் ஆளு மறுபடி வந்து நிப்பாரு. படம் மாறிப்போச்சுன்னு சொல்லிடு, முடிஞ்சுது." போன வாரம் சொல்லித் தொலை என்றவள் இவள்தான். ஆனால் அவள் சொல்வதிலும் தப்பில்லை. படம் மாறிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நம்பிவிடுவார்கள். நான் சொன்னால் நம்புவார்கள், அதுதான் இங்கே தொல்லையே.

பிடிபட்டா எல்லார் முன்னாடியும் ஒத்துக்கறேன்னு யாரு சொன்னது? நான்தானே சொன்னேன். யாராவது என்னக் கேட்டாங்களா? பெரிய இவ மாதிரி நானேதானே சொன்னேன். அந்தச் சின்னப் பொண்ணு எனக்கு மானம் போகக் கூடாதுன்னு வாய மூடிட்டு நின்னுச்சே. எனக்கு அந்த அளவுகூடவா – 

போதும். விடைத்தாள் திருத்த வேண்டும்.

செப்டம்பர் 29, திங்கள்

நாளை மூன்றாம் பீரியட். சொல்வேனா என்று தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று சாதாரணப் பாடம் ஒன்றும் தயார் செய்து வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வருகைப் பதிவு முடிந்ததும் சொன்னேன். போன வாரம் ஒரே பொய் என்ற விதியை நான் மீறிவிட்டேன், இரண்டு சொன்னேன், இரண்டாவதை உங்களில் இருவர் கண்டுபிடித்தும் எனக்காகச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள் என்றேன். படத்தை எனக்கு யாரும் அனுப்பவில்லை. எனக்கும் என் கணவருக்கும் பல வருடம் முன்பே விவாகரத்து ஆகிவிட்டது. அவர் யாரையும் ஏமாற்றவில்லை. சொன்னது நான்.

குரல் நடுங்கவில்லை. நடுங்கும் என்று நினைத்திருந்தேன்.

"அப்போ சார் இப்ப எங்க மிஸ்?" என்றான் ஒருவன். தெரியாது, நன்றாக இருப்பார் என்று நினைக்கிறேன் என்றேன். கடைசி பெஞ்சில் யாரோ சிரிக்கப் பார்த்தார்கள், பக்கத்தில் இருந்தவன் இடித்து அடக்கினான்.

வக்கீல் எழுந்தாள். முகம் சிவந்திருந்தது.

"நாங்க ரெண்டு பேரும் ஒரு வாரமா உங்களுக்காகக் கவலப்பட்டோம் மிஸ்."

மன்னிப்புக் கேட்டேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். ஜூனியர் விசைப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிச்ச நேரம் கோப்புகளை எப்படி நகல் எடுத்து வைப்பது என்று நடத்தினேன். மோசமாகத்தான் நடத்தினேன். பொய் எதுவும் சொல்லவில்லை, அவர்களும் தேடவில்லை. முடிகிற நேரத்தில் வக்கீல், நான் காட்டிய வழி சுற்றுவழி, இதைவிடச் சுருக்கமாக ஒரு வழி இருக்கிறது என்று என்னோடு வாதாட ஆரம்பித்தாள். அவள் சொன்னது சரி.

சாப்பாட்டு மணிக்குள் ஆசிரியர் அறைக்குச் செய்தி வந்துவிட்டது. அறிவியல் ஆசிரியை, "எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார். அதற்குப் பிறகு ஜன்னலைப் பார்த்தபடி சாப்பிட்டார். தலைமையாசிரியை கூப்பிட்டு, வீட்டுக் கதையை வகுப்புக்குக் கொண்டுவர வேண்டாம் என்றார். வகுப்பை நிறுத்தச் சொல்லவில்லை. அந்தத் தகப்பனார் வந்தால் என்ன சொல்வார் என்று தெரியாது.

மாலையில் எல்லாரும் கிளம்பும்வரை ஆய்வகத்தில் ஏதாவது செய்துகொண்டிருப்பது என் வழக்கம். கூட்டத்தோடு பஸ் நிறுத்தத்தில் நின்றால் பேச வேண்டியிருக்கும். இன்றும் கணினிகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் அறிவியல் ஆசிரியை வந்து நின்றார், தோளில் பை.

"பஸ்ஸுக்குத்தானே? வாங்க."

பாதி தூரம் நடந்தோம். பிறகு, "லீவு முடிஞ்சு வரும்போதெல்லாம் ஃபாரின் சாக்லேட் கொண்டுவந்து வைப்பீங்களே, அது?" என்றார்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கி, விலைச் சீட்டை வெந்நீரில் ஊறவைத்து உரித்துக் கொண்டுவருவேன் என்றேன். அவர் நடப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"அடிப்பாவி. அத நான் சம்பந்தி வீட்டுக்கெல்லாம் குடுத்தனுப்பியிருக்கேன்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்குக் கோபம் முழுக்கப் போய்விட்டதா என்று சொல்ல முடியாது. பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவர் மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார், நான் கேட்டுக்கொண்டே வந்தேன். அவர் இறங்குவது என் நிறுத்தத்துக்கு முந்தைய நிறுத்தம். இன்றுதான் தெரியும்.