வெள்ளாவி வைக்காத வேட்டி

ஆம்பூர், 4 ஆகஸ்ட் 1931

ஆஸ்பத்திரி ஆள் வந்து கொல்லையில் என் வீட்டுக்காரர் துணிகளைக் கொளுத்திவிட்டுப் போனான். சட்டைகள், கோட்டு, வேட்டிகள், தலைப்பாகை. தோல் ஷாப்பில் உப்புத்தோலைத் தரம் பிரிக்கிற வேலை அவருக்கு. மாட்டுக்கு வரும் அடைப்பான் நோய் மனுஷனுக்கும் வரும் என்பது, அவர் கழுத்தில் அந்தக் கறுப்புப் புண்ணைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரியும். ஐந்தே நாளில் போய்விட்டார். டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: "ஒரு கைக்குட்டைகூட வெச்சுக்கக் கூடாது."

ஒன்று வைத்துக்கொண்டேன். கடைசியாக அவர் வேலைக்குக் கட்டிப்போன வேட்டி.

5 ஆகஸ்ட்

நாத்தனார் கிரேஸி இரண்டு வெள்ளைப் புடவை கொண்டுவந்தாள். "ஒரு வருஷமாவது கட்டுங்க அண்ணி. சபையில பேசுவாங்க." கட்டிக்கொண்டேன். என் துக்கம் சபைக்குத் தெரியவேண்டுமாம்!

வேட்டியில், தோல் பதனிடும் ஆவாரம்பட்டையும் சுண்ணாம்பும் கலந்த அந்த நாற்றம். கல்யாணமான புதிதில் மூக்கைப் பொத்திக்கொண்டு சண்டை போட்டிருக்கிறேன். இப்போது பெட்டியைத் திறந்து திறந்து முகர்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

8 ஆகஸ்ட்

வயிற்றில் பிள்ளை உதைக்கிறது. பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் கிடத்துவதில்லை, பழந்துணிதான் வழக்கம். அப்பன் வேட்டியில் கிடக்கட்டும். அவர் தொட்டது என்று அதற்கு வேறு என்ன இருக்கிறது?

ஆனால் ஒரே அழுக்கு. துணி வெளுக்கும் முனியம்மாவிடம் கொடுத்தேன். டாக்டர் சொன்னதைச் சொல்லவில்லை.

"ஊத்துத் தண்ணியில லேசா அலசிக் குடு. வெள்ளாவிப் பானையில வேக வெக்காதே."

"இன்னா டீச்சரம்மா, வெள்ளாவி வெக்காம அழுக்கு போவுமா?"

"வாசனை போய்டும்."

வேட்டியை மூட்டையில் தனியாக முடிந்தாள். "சரிம்மா, வெக்கல. எங்கிட்ட ஒரு பழம்புடவை இருக்கு, மெத்துனு இருக்கும். பாப்பாவுக்குத் தர்றேன்."

10 ஆகஸ்ட்

வேட்டி வந்தது. வாசனை கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

15 ஆகஸ்ட்

முனியம்மா வரவில்லை. அவள் புருஷன் வேலாயுதம்தான் மூட்டையோடு வந்தான். "முழங்கையில கொப்புளம்மா. நடுவுல கறுப்பா இருக்கு. வலியே இல்லன்றா."

வலி இல்லை. அவருக்கும் முதலில் வலி இல்லை. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ என்று கத்தினேன். ஏன் என்று சொன்னேனா? சொல்லவில்லை.

19 ஆகஸ்ட்

முனியம்மா போய்ட்டா.

20 ஆகஸ்ட்

வேட்டியை நானே கொளுத்தினேன். டாக்டர் சொன்ன அன்றைக்கே இதைச் செய்திருந்தால் — எனக்கு வாசனை வேணுமாம்! மோந்து பாக்கணுமாம்! அதுக்கு ஒருத்தி உசிரு போகணுமா? எரியும்போது ஆவாரம்பட்டை வாசனைகூட வரவில்லை. வெறும் துணி எரிகிற நாற்றம்தான்.

முகத்தில் வைத்து அழுத்தியவள் நான். எனக்கு ஒன்றுமில்லை. அவள் கையில் துவைகல் சிராய்த்த காயம் இருந்ததாம்.

இந்த வெள்ளைப் புடவை அவருக்காக. முனியம்மாவுக்காக நான் எதைக் கட்டுவது?

6 செப்டம்பர்

வேலாயுதம் துணி எடுக்க வந்தான். இன்றாவது சொல்லிவிடவேண்டும் என்று வாசல்வரை போனேன். மூட்டையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். கோழை.

22 அக்டோபர்

ஆண் குழந்தை. பிறந்து மூன்று நாளாகிறது.

இன்று வேலாயுதம் வந்து, மடித்த புடவை ஒன்றை நீட்டினான். "பாப்பாவுக்குக் குடுக்கணும்னு சொல்லி வெச்சிருந்தா. ரெண்டு தரம் வெள்ளாவி வெச்சிட்டேன்மா. பயப்படாதீங்க."

"வேலாயுதம், அந்த வேட்டி —"

"தெரியும்மா. வெள்ளாவி வேணான்னு நீங்க சொன்னத அன்னிக்கே எங்கிட்ட சொன்னா. அப்புறம் டாக்டரும் கேட்டாரு, உங்க வீட்டுக்காரரு துணிய யாராச்சும் தொட்டீங்களான்னு."

"தெரிஞ்சுமா இதக் கொண்டாந்தே?"

"அவ குடுக்கச் சொன்னது. குடுத்துட்டேன்." குழந்தையைப் பார்க்காமலே திரும்பினான். "இனிமே உங்க வீட்டுத் துணிய எடுக்க வரமாட்டேன்மா."

30 நவம்பர்

குழந்தை முனியம்மாவின் புடவையில் தூங்குகிறான். முந்தானையில் நீலம் சிந்திய கறை ஒன்று இருக்கிறது. அவள் கை பட்டதாக இருக்கும்.

என் வெள்ளைப் புடவையை நானே துவைத்துக் காயப்போட்டேன். வெளுக்கவில்லை.