மரத்தின் மேல் மரப்படம்

புதன், இரவு

வெள்ளிக்கிழமை என் வக்கீல் ஆபீஸ் திறப்பு. மேசைக்கு நத்தத்தில் நானே பார்த்து எடுத்த புளியமரப் பலகை. இழைக்க வேண்டாம், முடிச்சு அப்படியே தெரியட்டும் என்று ஆசாரி அந்தோணி அண்ணனிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். இன்று போய்ப் பார்த்தால் மேலே மைக்கா ஒட்டி வைத்திருக்கிறார். அதிலும் மரம் மாதிரியே அச்சடித்த மைக்கா!

“வக்கீலம்மா மேசை கரடுமுரடா இருந்தா கட்சிக்காரன் மதிப்பானா? மைக்கா என் செலவும்மா.”

பாசத்தில் செய்தவரை எப்படித் திட்டுவது? குனிந்து அடிப்பக்கத்தைத் தடவினேன். முடிச்சு கையில் தட்டுப்பட்டது.

“பலகையைக் கவுத்துப் போட்டு மாட்டுங்கண்ணே.”

“இம்புட்டு மைக்காவும் வீணாப் போகுமேம்மா!”

“எங்க போகுது? என் முழங்காலுக்கு வழுவழுன்னு இருக்கட்டும்.”

நாளை கவிழ்க்கிறார்.